தாம்புக்கயிறு

ஆண்டுதோறும் ஆயுதபூஜை விடுமுறையில் நாங்கள் மூவரும் ஒரு வீட்டில் கூடுவது வழக்கம். சுண்டலுக்கும் பொரிகடலைக்கும் மட்டுமல்ல. கூடத்தில் பாயை விரித்து, எங்களிடம் உள்ள நான்கு காமிராக்களையும் மூன்று மடிக்கணினிகளையும் ஒரு பை நிறைய யுஎஸ்பி கேபிள்களையும் பரப்பி வைப்போம். பிறகு ஒவ்வொரு காமிராவையும் ஒவ்வொரு கணினியோடும் இணைத்து ஐந்து கேள்விகள் கேட்போம். கணினி காமிராவை அடையாளம் காண்கிறதா? காமிரா பார்ப்பது திரையில் தெரிகிறதா? விசைப்பலகையில் தட்டினால் படம் விழுகிறதா? விழுந்த படம் வட்டுக்கு வந்து சேர்கிறதா? சேர்ந்த படம் நாங்கள் சொன்ன பெயரோடு இருக்கிறதா? நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து கேள்விகள். அறுபதுக்கும் 'ஆம்' என்ற விடை ஒரே நாளில் கிடைத்த ஆண்டு இதுவரை வரவில்லை.

2025-இல் ஆயுதபூஜை அக்டோபர் 1 அன்று வந்தது. அதே மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவதாக இருந்தது. எங்கள் கணினிகளில் மூத்தது அந்தப் பதிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் பாதுகாப்புச் சில்லு தன்னிடம் இல்லை என்று அதுவே அறிவித்துவிட்டது. விசைகளின் மேல் எழுத்து அழிந்திருந்ததே தவிர, வேறு குறை ஒன்றுமில்லாத கணினி. அதைத் துடைத்து லினக்ஸை நிறுவிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர், "இதை எத்தனை வருஷமாச் செஞ்சிட்டிருக்கோம்?" என்று கேட்டார். விரல்விட்டு எண்ணினோம். பதினாறு ஆண்டுகள். புதிதாக எதையும் செய்வதற்கான உழைப்பு அல்ல அது. நேற்று ஓடியது இன்றும் ஓடவேண்டும் என்பதற்காக மட்டும் பதினாறு ஆண்டுகள்.

இதை வாசிப்பவர்களில் பலர் ஏட்டுச்சுவடி என்றால் உ.வே.சாமிநாதையரை நினைப்பவர்கள், காமிராவும் இயங்குதளமும் அவர்கள் அக்கறைக்கு அப்பாற்பட்டவை என்பதை அறிவோம். எனினும் இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு நுனிகள் என்று எங்களுக்குத் தோன்றத் தொடங்கி நாளாயிற்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

*

காமிராவைக் கேபிளால் கணினியோடு இணைத்து, கணினியிலிருந்தே அதை இயக்கிப் படம் எடுப்பதைத் தொழிலில் உள்ளவர்கள் டெதரிங் என்பார்கள். மேய்கிற மாட்டைக் கட்டும் கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. நம்மிடம் அதற்குத் தாம்பு என்ற அழகிய சொல் இருக்கிறது. எங்கள் சிறு நிரலுக்கும் அப்பெயரையே வைத்தோம்.

விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களில் வாடிக்கையாளர் உடனுக்குடன் பெரிய திரையில் பார்ப்பதற்காக இப்படிக் கட்டுகிறார்கள். எங்கள் தேவை வேறு. ஓர் ஓலை ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். எழுத்தாணியால் கீறிய எழுத்து. எண்ணெயில் குழைத்த கரியைத் தடவினால்தான் கண்ணுக்குத் துலங்கும். கரி உதிர்ந்த ஏடுகளில் கீறலின் நிழல் மட்டுமே எஞ்சியிருக்கும். அந்த நிழலைப் பிடிக்க, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, காமிராவைத் தாங்கியில் தலைகீழாகப் பொருத்தி, ஏட்டைக் கறுப்புத் துணியின்மேல் கிடத்தி எடுக்கவேண்டும். விரலால் காமிராவின் பொத்தானை அழுத்தினால் தாங்கி அதிரும்; அந்த அதிர்ச்சியில் ஒரு சுழி காலாகிவிடும், ஒரு கால் காணாமற் போய்விடும்.

அதைவிட முக்கியமானது வரிசை. சுவடியில் வரிசை என்பது நூலில் பாதி. எடுத்த படங்களை மாலையில் மொத்தமாகப் பெயரிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், நடுவே ஓர் ஏட்டின் பின்பக்கம் விடுபட்டிருந்தாலும் அதற்குப் பின் வரும் எல்லாப் படங்களும் ஒன்று தள்ளிப்போகும். ஆகவே படம் விழும் கணத்திலேயே 'கட்டு 3, ஏடு 47, முன்' என்று பெயரும் விழவேண்டும். ஏடு வாசிக்கத் தெரிந்தவர் திரையைப் பார்த்து, "சரி, புரட்டுங்க" என்று சொன்ன பிறகே அடுத்த ஏடு. இதற்காகத்தான் எங்களுக்குத் தாம்பு வேண்டியிருந்தது.

2009-இல் ஒரு பழைய எஸ்எல்ஆர் காமிராவை வாங்கித் தொடங்கினோம். அன்று சில காமிரா நிறுவனங்கள் இதற்கான மென்பொருளைப் பெட்டியோடு சேர்த்துத் தந்தன. சில தனியே விலைக்கு விற்றன. புகைப்படக்காரர்கள் பெரிதும் பயன்படுத்தும் லைட்ரூமிலேயே இவ்வசதி 2010-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. எவற்றிலும் நாங்கள் விரும்பியவாறு ஏட்டெண்ணைப் பெயராக இட முடியவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் ஜிபோட்டோ என்ற கட்டற்ற மென்பொருளைக் கண்டோம். அதன் தோள்மேல் ஏறி நின்று, எங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர் பைத்தான் மொழியில் நானூறு வரிகள் எழுதினார். எழுதி முடித்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

*

காமிராவும் கணினியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைச் சற்றுச் சொல்லவேண்டும். இல்லையேல் எங்கள் பாடு விளங்காது.

2000-ஆம் ஆண்டில் காமிரா நிறுவனங்கள் கூடிப் படமாற்றத்துக்கென்று ஒரு பொதுமொழியை வகுத்தன. பிடிபி என்று பெயர். பின்னர் ஐஎஸ்ஓ 15740 என்ற பன்னாட்டுத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. அம்மொழியில் சொற்கள் எண்கள். 1001 என்று கணினி சொன்னால் 'நீ யார்?' என்று பொருள். காமிரா தன் பெயரையும், தான் அறிந்த சொற்களின் பட்டியலையும் தரும். 1002 என்றால் 'பேச்சைத் தொடங்குவோம்'. 1003 என்றால் 'முடித்துக்கொள்வோம்'. இவ்வளவு மரியாதையான உரையாடலை மனிதர்களிடையே காண்பது அரிது.

ஆனால் பொதுமொழி எடுத்த படத்தைக் கொடுக்கல் வாங்கலுக்கே பெரிதும் போதுமானதாக இருந்தது. திரையில் நேரலையாகக் காட்டுவது, குவியத்தை நகர்த்துவது போன்றவற்றுக்கு அதில் சொல் இல்லை. அதற்காக 9 என்று தொடங்கும் எண்களை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள இடம் விடப்பட்டிருந்தது. கேனானின் ஈஓஎஸ் காமிராக்கள் 91 வரிசையில் தம் வழக்குச் சொற்களை ஆக்கிக்கொண்டன. நிக்கான் 90 வரிசையில் தொடங்கியது. சோனி 92 வரிசையில். ஒரே எழுத்து, வெவ்வேறு வட்டார வழக்கு. இவ்வழக்குகளுக்கு வெளியார் பார்க்கும்படியான அகராதி பெரும்பாலும் இருந்ததில்லை. நிறுவனத்தின் மென்பொருள் காமிராவோடு பேசும்போது கேபிளில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணுக்கு எது அசைகிறது என்று குறித்து, உலகின் பல மூலைகளிலிருந்த மனிதர்கள் சொல் சொல்லாக ஜிபோட்டோவின் அகராதியைத் தொகுத்தார்கள். அந்நிரலின் ஒரு கோப்பில் நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. காமிராவுக்கு ஒரு வரி: பெயர், நிறுவன எண், பொருள் எண், என்னென்ன செய்யும் என்ற குறிப்பு. நிகண்டு போன்ற அவ்வட்டவணையில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தம் காமிராவை இணைத்து, பிழைச்செய்தியைப் பதிந்து அனுப்பிய யாரோ ஒருவர் இருக்கிறார்.

ஆகவே இச்சங்கிலியில் கண்ணிகள் பல: காமிராவின் உள்நிரல், கேபிள், இயங்குதளம், ஜிபோட்டோ, அதன்மேல் எங்கள் நானூறு வரிகள். ஒவ்வொன்றும் வேறுவேறு மனிதர்கள் கையில், வேறுவேறு வேகத்தில் மாறுவது. ஒன்று மாறினால் மற்றவை தம்மளவில் குறையேதும் இன்றியே செயலிழந்துபோகும். எங்களுக்கு இது அறிவாகத் தெரிந்திருந்தது. அனுபவமாகத் தெரிந்தது 2014-இல்.

*

அவ்வாண்டு தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில், தலைமுறைகளாகச் சித்த வைத்தியம் பார்த்துவந்த குடும்பம் ஒன்று தங்கள் சுவடிகளைப் படமெடுக்க இசைந்தது. ஐந்து கட்டுகள். வாகடங்கள் என்று சொன்னார்கள். குடும்பத்து மூத்தவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஏடுகளை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப அவருக்குச் சம்மதமில்லை. இரண்டு நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வீட்டில் விசேஷம், உறவினர் வந்துவிடுவார்கள் என்றார். எங்கள் வேகத்துக்கு இரண்டு நாள் போதுமானது.

முந்தைய இரவு லாட்ஜில் தங்கினோம். அங்கே இணைய வசதி நன்றாக இருந்தது. அதுவே வினையாயிற்று. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவிக்கொள்ளவா என்று கணினி கேட்டது. மறுநாள் நல்ல காரியத்துக்குப் போகிறோம், எல்லாம் புதியதாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் எங்களில் ஒருவர் சரி என்று சொன்னார். யார் என்பதை இன்றுவரை நாங்கள் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டதில்லை.

காலையில் திண்ணையில் தாங்கியை நிறுத்தி, விளக்கை வைத்து, முதல் கட்டை அவிழ்த்து, முதல் ஏட்டைக் கிடத்திவிட்டு விசையைத் தட்டினோம். பிழை எண் –53. யுஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்றது நிரல். கேபிளை மாற்றினோம். காமிராவை அணைத்துப் போட்டோம். கணினியை அணைத்துப் போட்டோம். –53. பெரியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மெஷின் மக்கர் பண்ணுதோ?"

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது ஐயா."

"நேத்து ராத்திரி புதுசா என்ன குடுத்தீய அதுக்கு?"

நாடி பிடித்துப் பார்க்காமலேயே அவர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கு அது மாலை நான்கு மணிக்குத்தான் விளங்கியது. காமிராவைச் செருகியதும் அதிலுள்ள படங்களைத் தானே திறந்து காட்டும் உபகாரி ஒன்றைப் புதிய பதிப்பில் சேர்த்திருந்தார்கள். சுற்றுலாப் படங்களோடு வருகிறவருக்கு அது வசதிதான். கேபிளைச் செருகிய அரை நொடியில் அது காமிராவைப் பற்றிக்கொள்ளும். எங்கள் நிரல் போய்ச் சேரும்போது கதவு அடைத்திருக்கும். பிடிபி உரையாடலில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம். அவ்வுபகாரியை நிறுத்த ஒரு வரிக் கட்டளை போதும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க, கைப்பேசியில் இரண்டு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு, ஒரு முழுப் பகலைச் செலவிட்டோம்.

அன்று மாலை தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றியபின், பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, தம் பாட்டனார் ஏடு பெயர்த்தெழுதிய கதையைச் சொன்னார். பழைய சுவடி ஒடியத் தொடங்கினால் புது ஓலையில் பெயர்த்து எழுதுவார்களாம். ஒரு கட்டு எழுத ஆறு மாதம். அதற்குள் எழுத்தாணி இரண்டு மூன்று முறை முனை மழுங்கும். "ஆணி தேஞ்சா கொல்லங்கிட்ட போவோம், ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான். உங்க ஆணி தேஞ்சா யார்ட்ட போவீய?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விடை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை முதல் இரவு ஒன்பது மணிவரை எடுத்தும் மூன்று கட்டுகளே முடிந்தன. மீதி இரண்டை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெரியவர். சொல்லும்போது அந்த இரண்டு கட்டுகளின் நூலையும் தாமே இறுக்கிக் கட்டினார். அடுத்த ஆண்டு ஆனி மாதம் அவர் காலமானார். நாங்கள் மீண்டும் போனபோது வீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பரண் சாமான்கள் யாரிடம் போயின என்று ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். நான்காம் கட்டும் ஐந்தாம் கட்டும் கிடைக்கவில்லை.

*

அதன்பின் நாங்கள் ஒரு சபதம் செய்தோம். ஒரு கணினியைத் தனியே ஒதுக்கி, அதை இணையத்தோடு இணைப்பதில்லை, அதில் எதையும் புதுப்பிப்பதில்லை என்று முடிவு கட்டினோம். ஓடுவதைத் தொடாதே என்பது எங்கள் தாரக மந்திரமாயிற்று. இரண்டு ஆண்டுகள் அது நன்றாகவே காப்பாற்றியது.

பிறகு காமிரா செத்தது. அத்தகைய காமிராக்களின் மூடித்திரை ஒன்றரை லட்சம் முறை திறந்து மூடும் என்று கணக்கு. கல்யாணப் படம் எடுப்பவருக்கே அது சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஏட்டுக்கு முன்னொன்று பின்னொன்று என்று எடுத்துத் தள்ளும் எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புதிய காமிராவை வாங்கி வந்து, உறைய வைத்த கணினியில் இணைத்தோம். 1001-க்கு அது விடை சொன்னது. ஆனால் அதன் பெயர் அந்தப் பழைய அட்டவணையில் இல்லை. பொதுமொழி அறிந்த ஏதோ ஒரு காமிரா என்று மட்டும் ஜிபோட்டோ அதைப் புரிந்துகொண்டது: உள்ளே இருக்கும் படத்தை எடுத்துத் தந்தது, புதிய படம் எடு என்றால் அசையவில்லை. கணினியை உறைய வைக்கலாம். காமிராவின் ஆயுளை உறைய வைக்க முடியாது என்பதை நாங்கள் சபதத்தில் சேர்க்க மறந்திருந்தோம்.

வேறொரு கணினியில் புதிய பதிப்பை ஏற்றி, பிழைப் பதிவை முழுதாக எடுத்து, ஜிபோட்டோவைப் பேணுபவர்களுக்கு அனுப்பினோம். முகமறியாத ஒருவர் நான்காம் நாள் பதில் எழுதினார்: அட்டவணையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், முயன்று பாருங்கள். முயன்றோம். படம் விழுந்தது. ஊர்க் கொல்லனைப் பற்றிப் பெரியவர் கேட்டதற்கு விடை அன்று கிடைத்தது. கொல்லன் இருக்கிறான், கடல்களுக்கு அப்பால் இருக்கிறான், கூலி கேட்பதில்லை. ஆனால் நம் ஆணியைக் கொண்டுபோய் அவனிடம் காட்டவேண்டும். காட்டாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அவனாலும் ஒன்றும் செய்ய இயலாது.

அதுமுதல் உறைய வைப்பதை விட்டோம். அதற்காகப் புதியது எதுவோ அதைத் துரத்திக்கொண்டும் ஓடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பயணம் ஏதும் இல்லாத நாளில், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். கருவிகளுக்குப் பொட்டு வைக்கும் நாளைவிட இதற்குப் பொருத்தமான நாள் கிடைக்கவில்லை.

இப்படி ஒட்டிப் பார்க்கும்போது நேர்ந்த கூத்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம்.

பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கு 2020 சனவரி முதல் நாளோடு ஆதரவு நின்றது. எங்கள் நானூறு வரிகளையும் (அதற்குள் ஆயிரத்து முந்நூறு ஆகியிருந்தன) மூன்றாம் தலைமுறைக்குப் பெயர்த்தோம். ஓரிடத்தில், படத்தின் எண்ணை இரண்டால் வகுத்து ஏட்டின் எண்ணைப் பெறும் கணக்கு ஒன்று இருந்தது. 94-ஆம் படம் 47-ஆம் ஏட்டின் முன்பக்கம். 95-ஆம் படம் அதன் பின்பக்கம். பழைய பைத்தானில் 95-ஐ இரண்டால் வகுத்தால் மீதியை விட்டுவிட்டு 47 என்றே சொல்லும். புதியதில் கணக்கைத் திருத்தியிருந்தார்கள். விளைவு, 'ஏடு 47.5' என்று ஒரு கோப்பு தோன்றியது. எங்கள் ஏடு வாசிப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அரை ஏட்டை நான் இதுவரைக்கும் வாசிச்சதில்லை" என்றார். அத்திருத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. கணிதப்படி அதுவே சரி. பழைய பிழையை நம்பி நாங்கள் எழுதியிருந்ததே குற்றம்.

மற்றொன்று தமிழுக்கே உரியது. ஒரு கணினியில் 'தொகுப்பு' என்று பெயரிட்ட கோப்புறையை வேறு இயங்குதளம் கொண்ட கணினிக்கு நகர்த்தினோம். கண்ணெதிரே இருக்கும் கோப்புறையை எங்கள் நிரல் இல்லை என்று சாதித்தது. ஓர் இரவெல்லாம் தேடிய பின்பு தெரிந்தது: ஒருங்குறியில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஒகரக் குறியை ஒற்றை உருவாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு உருக்களாகச் சேர்ப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. ஓர் இயங்குதளம் ஒருவிதமாகவும் மற்றது மறுவிதமாகவும் பெயர்களைச் சேமிக்க, பைட்டுகளை எண்ணி ஒப்பிடும் நிரலுக்கு அவை இருவேறு பெயர்கள். ஏட்டில் குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி இடாமல் விட்டதால் நெடிலா குறிலா என்று தடுமாறும் எங்கள் ஏடு வாசிப்பவருக்கு இதில் வியப்பேதும் இல்லை. "நானூறு வருஷமா இருக்கிற சிக்கல்தானே" என்றார். இரண்டு விதங்களையும் ஒன்றாக்கிக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்த்துத் தீர்த்தோம்.

2018-இல் கேனான் தன் மூலப்படக் கோப்புக்குப் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கண்ணாடியற்ற பெரிய காமிராக்களைக் கேனானும் நிக்கானும் வெளியிட்டன. நண்பர் ஒருவர் பின்னாளில் அவ்வகைக் காமிரா ஒன்றை எங்களுக்கு நன்கொடையாகத் தந்தார். நன்கொடையின் பின்னால் வந்தது ஓர் ஊர்வலம். புதிய காமிராவின் கோப்பைப் பிரிக்கப் புதிய மென்பொருள் வேண்டும். புதிய மென்பொருளுக்குப் புதிய இயங்குதளம் வேண்டும். புதிய இயங்குதளத்தில் எங்கள் நிரலின் பாதி ஓடாது. அதைத் திருத்தியபோது மூத்த காமிராவின் நேரலை நின்றுபோயிற்று. இவ்வளவும் நடந்து முடிய எட்டு வார இறுதிகள். அந்த எட்டு வாரங்களில் ஓர் ஏட்டையும் நாங்கள் படமெடுக்கவில்லை.

*

இதனால் என்ன பயன் என்ற கேள்வி எங்களுக்குள் எழாமல் இல்லை. ஏடு படமெடுக்க வந்தவர்கள் ஏன் கேபிளோடு மல்லாடுகிறோம்? அக்காலத்தை ஏடுகளின்மேல் செலவிட்டிருந்தால் இன்னும் எத்தனை கட்டுகள் சேர்ந்திருக்கும்? எங்களில் ஒருவர் 2021-இல் சோர்ந்துபோய் ஓராண்டு வரவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை.

அவர் திரும்பி வந்தபோது சொன்னது இது. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டார் என்பதை எல்லோரும் சொல்கிறோம். அவருடைய அலைச்சலையும் உழைப்பையும் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆனால் ஒப்பிடுவதற்குப் பல பிரதிகள் ஏன் இருந்தன? நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. அந்நூல் தோன்றிய காலத்து ஏடு ஒன்றும் அவர் கைக்கு வந்திருக்க முடியாது. இடையே தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் ஒடிகிற ஏட்டை முன்னே வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு சொல்லும் சேர்க்காமல், இருப்பதை இருந்தபடி புதிய ஓலைக்கு மாற்றியிருக்கிறார். அவர்களுள் பலருக்கு நூல் முழுதும் விளங்கியிருக்குமா என்பதுகூடச் சந்தேகம். சில சுவடிகளின் கடைசி ஏட்டில் எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் இருக்கும். பலவற்றில் அதுவும் இல்லை. பெயர்த்தெழுத ஆளில்லாத ஏடுகள்தாம் ஆடிப்பெருக்கன்று ஆற்றோடு போயின.

நாங்கள் எடுத்த படங்களும் ஒருவகை ஓலைகளே. வட்டுகளின் ஆயுள் ஓலையின் ஆயுளைவிட மிகக் குறைவு. படங்களைப் பெயர்த்தெழுதவேண்டும் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது; ஆண்டுதோறும் புது வட்டுகளுக்கு மாற்றி வந்தோம். எழுத்தாணியையும் பெயர்த்தெழுதவேண்டும் என்பதுதான் தெரியாதிருந்தது. எட்டு வாரம் வீணாயிற்று என்று நாங்கள் கணக்கிட்டது, ஓலை வாரிப் பதப்படுத்தும் நாள்களையும் கொல்லன் பட்டறையில் காத்திருக்கும் நாள்களையும் எழுத்தில் சேர்க்காத கணக்கு. பெரியவருடைய பாட்டனார் சொன்ன ஆறு மாதத்தில் அவையும் அடங்கியிருக்கத்தான் வேண்டும்.

இப்படிச் சொல்வதால் எல்லாம் ஆறுதலாக முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். மூன்று பேரில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரே. அவருக்கும் கண் மங்கத் தொடங்கியிருக்கிறது. அட்டவணையில் ஒரு வரி சேர்த்துத் தந்தவர்களும் நம்மைப்போல் வார இறுதிகளில் உழைக்கும் மனிதர்களே. அவர்களும் ஒருநாள் சோர்வார்கள். இந்தப் பொங்கலிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் எங்களோடு உட்காரத் தொடங்கியிருக்கிறார். முதல் நாளே, எங்கள் நிரலில் எதற்கு எது என்ற குறிப்புகள் ஏன் இல்லை என்று கேட்டார். இப்போது குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஆயுதபூஜை இரவு, அறுபதில் ஐம்பத்து நான்கு கேள்விகளுக்கு 'ஆம்' கிடைத்தது. மூத்த கணினியில் ஏற்றிய லினக்ஸில் மூன்று காமிராக்கள் முதல் செருகலிலேயே பேசின. கடைசியாகப் படத்தொகுப்பை அதற்கு நகலெடுத்தோம். எங்கள் தொகுப்பில் தாமிரபரணிக் கரைச் சுவடிகளுக்கு ஐந்து கோப்புறைகள் உண்டு. முதல் மூன்றில் படங்கள். நான்கும் ஐந்தும் வெற்றுக் கோப்புறைகள். காலிக் கோப்புறைகளைச் சில நகலெடுக்கும் நிரல்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஆகவே அவ்விரண்டிலும் ஒரு சிறு உரைக்கோப்பை முன்பே போட்டு வைத்திருக்கிறோம். அதில் ஒரே வரி: 'ஏடு கிடைத்தால் எடுக்கவேண்டும்.'

புதிய கணினியில் அவ்விரண்டு கோப்புகளும் வந்து சேர்ந்திருக்கின்றனவா, எழுத்து சிதையாமல் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டே விளக்கை அணைத்தோம்.